கம்பி போடும் முன் பிள்ளையின் கையைப் பாருங்கள்: பல்சீரமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பல்சீரமைப்பு மருத்துவம் பார்க்கும் நிபுணர்களுக்கும், அதைக் கற்பிக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும்,

"நோயாளியின் ஒத்துழைப்பு இல்லை. நகம் கடிக்கும் பழக்கத்தால் வேர் கரைந்துள்ளது. சிகிச்சை நிறுத்தப்படுகிறது." இப்படி எழுதிய ஒரு தாளில் போன மாதம் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நோயாளி என்று அந்தத் தாள் சொல்வது என் மகளை. அவளுக்கு 14 வயது. பல்லில் கம்பி போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த இரண்டு வருடத்தில், அவள் நகம் கடிப்பாளா என்று அவளிடமோ எங்களிடமோ யாரும் கேட்டதில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களோடு பேச வேண்டியதை நேரில் பேசிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைச் சக ஆசிரியைகளிடம் சொன்னபோது, "எங்க பையனுக்கும் கம்பி போட்டிருக்கு, அவனும் கடிப்பான், எங்களையும் யாரும் கேக்கலையே" என்று ஒருவர் சொன்னார். அப்புறம் இன்னொருவர். வேறு வேறு ஊர், வேறு வேறு மருத்துவர்கள். ஒரு மருத்துவமனையின் கவனக்குறைவாக மட்டும் இருந்திருந்தால் உங்கள் எல்லோரையும் கூப்பிட்டு எழுதியிருக்க மாட்டேன்.

என் மகளுக்கு மேல்வரிசை எத்துப்பல். ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் கேலி செய்தார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். 12 வயதில் பக்கத்து நகரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஓ.பி.ஜி. எனப்படும், எல்லாப் பற்களும் தாடையும் தெரியும் எக்ஸ்ரே எடுத்தார்கள், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவு வைத்துப் பல் அச்சு எடுத்தார்கள், முகத்தைப் பல கோணங்களில் படம் பிடித்தார்கள். இடம் வேண்டும் என்று நான்கு பற்களைப் பிடுங்கினார்கள். 45,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்றார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்றுகூடக் கேட்டார்கள். விரல்களை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மேசை மேல்தான் அவள் கைகள் இருந்தன. பத்து விரலிலும் நகம் சதையோடு ஒட்டக் கடிக்கப்பட்டிருந்தது. இடது கைக் கட்டைவிரலில் நகச்சுத்தி வந்து ஆறிய தடம் இருந்தது.

அவள் நகம் கடிப்பது எங்களுக்குத் தெரியும். பல்லுக்குப் போடும் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும்.

கம்பி போட்ட அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். என்னென்ன சாப்பிடக்கூடாது என்ற பட்டியல். முறுக்கு, கரும்பு, ஐஸ் கட்டி, கொய்யாவை அப்படியே கடிப்பது, எலும்பு, கடலை மிட்டாய். நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள், கடலை மிட்டாய் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவள் அதைத் தொடவில்லை. இரண்டு தீபாவளிக்கும் முறுக்கைத் தொடவில்லை. அப்படியும் மேல் முன்பல்லில் ஒட்டிய பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சிறு துண்டு, திரும்பத் திரும்பக் கழன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் மறுபடி ஒட்டத் தனிக் கட்டணம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "என்னம்மா, என்னத்தக் கடிச்ச? முறுக்கா?" இல்லை என்பாள். நம்பாத முகத்தோடு ஒட்டி அனுப்புவார்கள். ஒரே பல்லில், ஒரே இடத்தில் பிராக்கெட் கழல்கிறது, பிள்ளை எதுவும் தின்னவில்லை என்கிறாள் என்றால், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று உங்கள் துறைக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

சிகிச்சை முடியும் கட்டத்தில், ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு, மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டின் வேரும் குட்டையாகியிருந்தன. அன்றுதான் முதன்முதலாக ஒருவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதனாலதான்" என்றார். வரவேற்பறையில் மற்றவர்கள் இருக்க, கதவு திறந்திருக்க, "பல்லு ஆடி விழுந்துரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். என் மகள் வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கணித ஆசிரியை. எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது. தேடிப் படித்தேன். என் பழைய மாணவி ஒருத்தி பி.டி.எஸ். இறுதி ஆண்டு படிக்கிறாள், புரியாத இடங்களை அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

பல்சீரமைப்புக்கான அமெரிக்க ஆய்விதழில், உங்கள் துறையின் முதன்மையான இதழில், 2008-இல் நகம் கடிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் 28 முதல் 33 சதவீதம் பேருக்கும், வளரிளம் பருவத்தினரில் 44 சதவீதம் பேருக்கும் இந்தப் பழக்கம் இருப்பதாகக் குறிப்பிடுகிறார்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 1973-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதில் குழந்தைப் பருவத்தில் அடிக்கடி விரல் சூப்பியவர்கள் அல்லது நகம் கடித்தவர்கள் 31 சதவீதம். ஊருக்கு ஊர், வயதுக்கு வயது எண் மாறும். ஆனால் இந்தக் கணக்குகளின்படி வளரும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது.

இந்தக் கணக்கை என் வகுப்பறையில் நான் தினமும் பார்க்கிறேன். தேர்வுக் கண்காணிப்பில் நிற்கும்போது தலை குனிந்து எழுதும் பிள்ளைகளின் இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வினாத்தாளைப் பிரித்த முதல் கால் மணி நேரம் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று பேருக்கு விரல் வாயில்தான் இருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளை, படிக்காத பிள்ளை, ஆண், பெண் என்ற வித்தியாசம் எனக்குத் தெரிந்து இல்லை. நோட்டுத் திருத்திக் கொடுக்கும்போது நீளும் கைகளைப் பார்த்தாலே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் காத்திருப்பு அறையை நினைத்துப் பாருங்கள். கம்பி போட உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் 11 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்கள். நகம் கடிப்பது உச்சத்தில் இருக்கும் வயதும் அதுதான். அதாவது உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்து படுக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஒருவேளை அதற்கு மேலும், இந்தப் பழக்கம் இருக்கும் என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போதோ ஒரு பிள்ளைக்கு வரும் விசித்திரம் போல இதை நடத்துவதற்கு இடமே இல்லை. பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளைவிட நகம் கடிக்கிற பிள்ளைகள் பல மடங்கு அதிகம். அதைக் கேட்கிறீர்கள், சரி, கேட்கத்தான் வேண்டும். இதையும் கேளுங்கள் என்கிறேன்.

கம்பி போட்ட பல்லுக்கு இது ஏன் தனியாக ஆபத்து என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் விசை போதும் என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்கிறதாம். அவ்வளவு மெல்லிய விசையைத்தான் மாதக்கணக்கில், நிறுத்தாமல் கொடுக்கிறீர்கள். பல்லின் வேரைச் சுற்றியுள்ள சவ்வு ஒரு பக்கம் அழுந்துகிறது, அந்தப் பக்கம் எலும்பு கரைகிறது, மறு பக்கம் புது எலும்பு வளர்கிறது, பல் நகர்கிறது. அழுத்தம் அளவு மீறினால் எலும்போடு வேரின் நுனியும் கரையத் தொடங்கலாம். எலும்பு திரும்ப வளரும். குட்டையான வேர் திரும்ப நீளாது. நகம் கடிக்கும் பிள்ளை என்ன செய்கிறது? கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, மேல் முன்பல்லின் விளிம்பும் கீழ் முன்பல்லின் விளிம்பும் ஒன்றையொன்று தொட, ஒரு நாளைக்குப் பல தடவை, தடவைக்குப் பல நிமிடம் அழுத்துகிறது. நீங்கள் கிராம் கணக்கில் அளந்து விசை கொடுக்கும் அதே முன்பற்கள்தான்.

1983-இலும் 1985-இலும் ஓடென்ரிக், பிராட்ஸ்ட்ரம் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கம்பி சிகிச்சையின்போது வேர் கரைவதற்கும் நகம் கடிப்பதற்கும் உள்ள தொடர்பை ஐரோப்பிய, பிரிட்டிஷ் பல்சீரமைப்பு ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். என் மகள் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் முந்தைய செய்தி. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் படித்தேன். பரம்பரை, வேரின் வடிவம், பல் பிடுங்கி அதிக தூரம் நகர்த்துவது, சிகிச்சை நீண்டுபோவது என்று வேர் கரையப் பல காரணங்கள் உண்டு. என் மகளுக்கு நான்கு பல் பிடுங்கியிருக்கிறது, நகர்த்திய தூரமும் அதிகம். ஆகவே நகம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மருத்துவமனை அடித்துச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறது. அங்கேதான் என் கேள்வி. நகம் கடிப்பது வேரைக் கரைக்கும் என்று உறுதியாகத் தெரியுமென்றால், கம்பி ஒட்டும் முன்பு அதைக் கேட்காதது எப்படி நியாயம்? உறுதியாகத் தெரியாது என்றால், ஒரு பிள்ளையின் தாளில் அதை ஒரே காரணமாக எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி நியாயம்? இரண்டில் ஒன்றுக்காவது உங்கள் துறை எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் மாணவி சொன்ன ஒன்று என்னை இன்னும் கோபப்படுத்தியது. பல் மருத்துவக் கல்லூரியில் இவர்கள் நிரப்பிப் பழகும் கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் விவரத் தாளில், பழக்கங்கள் என்று ஒரு பகுதியே இருக்கிறதாம். விரல் சூப்புவது, நாக்கைத் தள்ளுவது, வாயால் மூச்சு விடுவது, உதடு கடிப்பது, நகம் கடிப்பது. "எழுதலைன்னா மார்க் போகும் டீச்சர்" என்றாள். அப்படியென்றால் இது தெரியாமல் விடுபடவில்லை. படிக்கும்போது மதிப்பெண்ணுக்காகக் கேட்ட கேள்வி, தொழிலுக்கு வந்ததும் விட்டுப்போகிறது.

ஏன் விட்டுப்போகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. எங்களைப் போன்ற ஊர்களில் பல்சீரமைப்பு நிபுணர் மருத்துவமனையில் தினமும் இருப்பதில்லை. மாதத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வருவார். அன்றைக்கு வரிசையாகப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ரப்பர் மாற்றி, வயர் மாற்றி, "அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். இடையில் பிராக்கெட் கழன்றால் அங்கே தினமும் இருக்கும் பொதுப் பல் மருத்துவர் ஒட்டிவிடுவார். அவர் ஒட்டியது இவருக்குத் தெரியாது, இவர் போட்ட திட்டம் அவருக்குத் தெரியாது. நிபுணர் வராத ஊருக்கு மாதம் ஒரு நாளாவது ஒருவர் வருவது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளையின் பழக்கத்தைக் கவனிப்பது யார் வேலை என்று யாரும் முடிவு செய்யவில்லை. முதல் நாள் கேட்டு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

சில மருத்துவமனைகள் தரும் தாளில் நகம், பேனா கடிக்காதீர்கள் என்று ஒரு வரி இருக்கிறது என்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் முறுக்கு தின்னாதே என்பதும் நகம் கடிக்காதே என்பதும் ஒன்றல்ல. முறுக்கைப் பிள்ளை தெரிந்து எடுத்து வாயில் வைக்கிறது. விரல் வாய்க்குப் போவது பாதி நேரம் அதற்கே தெரியாது. மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில், 2013-இல் வந்த அமெரிக்கத் தொகுப்பு, கடுமையான நகம் கடித்தலை உடலையே குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. நகம் கடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் மனநோய் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைந்துவிடும். ஆனால் ஒரு வரி அறிவுரையால் நிற்கக்கூடிய விஷயம் இது இல்லை என்பதாவது தெளிவு.

எங்கள் வீட்டிலும் எல்லா வீட்டையும் போலத்தான். ஆச்சி வேப்பெண்ணெய் தடவிவிட்டார். "நகம் கடிச்சா வீட்டுக்குத் தரித்திரம்" என்று சொல்லிப் பார்த்தார். உறவினர் ஒருவர் மிளகாய் தடவச் சொன்னார், நான் விடவில்லை. கசப்பு சில நாள் வேலை செய்தது, அப்புறம் கசப்போடு கடிக்கப் பழகிவிட்டாள். திட்டினால் கடிப்பது நிற்பதில்லை, நம் கண்முன் கடிப்பதுதான் நிற்கிறது. போர்வைக்குள், குளியலறையில், பள்ளிப் பேருந்தில் நடக்கும். அதனால்தான் நீங்கள் அம்மா அப்பா முன்னால், "நகம் கடிப்பியா?" என்று அதட்டலாகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது. எனக்கு வகுப்பில் பழக்கமான வழி ஒன்றைச் சொல்கிறேன். "நிறைய பேரு நகம் கடிப்பாங்க, பேனா மூடி கடிப்பாங்க, சிலர் உதட்டைக் கடிப்பாங்க. நீ எதைக் கடிப்ப?" என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே கையைப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கையெழுத்துப் போடாமல் திரும்பிய பிறகு மகளை ஓர் உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப்போனோம். அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் எழுதிய ஒரு பயிற்சி முறையை அவர் சொல்லிக்கொடுத்தார். முதலில், எப்போது கை வாய்க்குப் போகிறது என்று பிள்ளையே கவனித்துக் குறிக்க வேண்டும். கை மேலே எழும்போது விரல்களை மடக்கி இறுக்கி இரண்டு மூன்று நிமிடம் வைத்திருக்க வேண்டும், அல்லது கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கடித்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது, கடிக்காமல் விட்டதைப் பாராட்ட வேண்டும். மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவும் பெரிதாக இல்லை. என் மகள் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் வலது கையின் மூன்று விரல்களில் நகம் வளர்ந்து வெட்டும் அளவுக்கு வந்திருக்கிறது. இந்தப் பயிற்சியை இரண்டு வருடம் முன்பு, பல் அச்சு எடுத்த வாரத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

வேறொரு பல்சீரமைப்பு மருத்துவரிடமும் எக்ஸ்ரேயைக் காட்டினோம். அவர் அவளோடு நேராகப் பேசினார், என்னோடு அல்ல. வேர் குட்டையாகியிருப்பது உண்மைதான், ஆனால் விசையை நிறுத்தினால் கரைவது பெரும்பாலும் நின்றுவிடும், பல் விழப்போவதில்லை என்றார். கம்பியில் இழுவிசை இல்லாமல் மூன்று மாதம் விட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மெல்லிய விசையில் தொடர்வதா, இருக்கிற நிலையிலேயே முடிப்பதா என்று முடிவு செய்யலாம் என்றார். ஸ்வீடனில் லெவாண்டர், மால்ம்கிரென் ஆகியோர் 1988-இலேயே, சிகிச்சை தொடங்கி 6 முதல் 9 மாதத்துக்குள் எடுக்கும் எக்ஸ்ரேயில் யாருக்கு வேர் அதிகம் கரையும் என்று முன்கூட்டித் தெரியும் எனக் காட்டியிருப்பதையும், 1994-இல் இடைவெளி விடுவதால் பாதிப்பு குறைவதைக் காட்டியிருப்பதையும் அவர்தான் சொன்னார். கம்பி போட்டவர்களில் வேர் மிகக் கடுமையாகக் கரைவது நூற்றில் 1 முதல் 5 பேருக்குத்தான் என்றும் சொன்னார். அன்றைக்கு ராத்திரிதான் என் மகள் நன்றாகத் தூங்கினாள். ஒரே எக்ஸ்ரே. ஓர் இடத்தில் அது "பல்லு விழுந்துரும்", இன்னோர் இடத்தில் அது மூன்று மாத ஓய்வு.

வேர் மட்டுமே பிரச்சினையும் இல்லை. துருக்கியில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் கடிக்கும் பிள்ளைகளில் 76 சதவீதம் பேரின் எச்சிலில் குடலில் வாழும் வகைக் கிருமிகள் இருந்தன. கடிக்காதவர்களில் 26.5 சதவீதம். கம்பி போட்ட வாயைச் சுத்தமாக வைப்பது ஏற்கெனவே கஷ்டம். ஈறு வீக்கத்துக்கு, "ஒழுங்கா பிரஷ் பண்ணல" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் கையையும் பார்த்திருப்பீர்கள்? எங்கள் பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் நகம் வெட்டுவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிறோம். அங்கேயும் பேச்சு புழுவோடு முடிந்துவிடும். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நாங்கள் நிச்சயம் படித்துக் காட்டுவோம்.

நான் கேட்பவை இவை.

கம்பி ஒட்டும் முன், பிள்ளையின் இரண்டு கைகளையும் பாருங்கள். முகத்தைப் பல கோணங்களில் படம் எடுக்கிறீர்கள், கூடவே விரல்களையும் ஒரு படம் எடுத்துக் கேஸ் ஷீட்டில் சேருங்கள். பழக்கம் இருந்தால் அதைக் குடும்பத்துக்குத் தமிழில், எழுத்தில் சொல்லுங்கள்: இதனால் பிராக்கெட் கழலலாம், சிகிச்சை நீளலாம், வேருக்கு ஆபத்து கூடலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே அது இருக்க வேண்டும், சேதம் நடந்த பிறகு வாங்கும் தாளில் அல்ல. அவசரமில்லாத பிள்ளைக்குச் சில வாரம் பொறுத்து, பழக்கத்தைக் குறைக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டுக் கம்பி போடுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரம் இல்லையென்றால் யாரிடம் போகலாம் என்றாவது சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் தொலைபேசி மனநல உதவி எண் இருக்கிறது. உங்கள் சுவரில் ஒட்டினால் போதும்.

நகம் கடிக்கும் பிள்ளைக்கு 6 முதல் 9 மாதத்துக்குள் மேல் முன்பற்களை மட்டுமாவது எக்ஸ்ரே எடுங்கள். வேர் குட்டையாவது தெரிந்தால் விசையை நிறுத்தி இடைவெளி விடுங்கள், பிள்ளையைக் கைவிடாதீர்கள். தொடர முடியாது என்று முடிவு செய்தால் எக்ஸ்ரே, பல் அச்சு, குறிப்புகள் எல்லாவற்றையும் குடும்பத்திடம் கொடுங்கள், அடுத்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கக் கூடாது. மாதம் ஒரு நாள் வரும் நிபுணர்களுக்குத் தனியாக ஒன்று: நீங்கள் இல்லாத நாளில் பிராக்கெட் கழன்று வரும் பிள்ளையின் கையைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும் என்று அங்கிருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கல்லூரித் துறைத் தலைவர்களே, கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக்கொடுப்பதோடு, பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதையும், பழக்கத்தை மாற்றும் பயிற்சியையும் கற்றுக்கொடுங்கள். உங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் நகம் கடிக்கிறார்கள், அவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போனது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பதிந்து, பெற்றோர் படிக்கும்படித் தமிழில் வெளியிடுங்கள்.

ஒரு பிள்ளையின் பழக்கத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்காத இடத்தில், "ஒத்துழைப்பு இல்லை" என்று அதன் தாளில் எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். இப்படி எழுதிய தாள்கள் உங்களிடம் இருந்தால் அவற்றைத் திருத்துங்கள். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க முடியாது, ஏன் என்பதை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் எழுத்தில், பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கணித ஆசிரியை
கோவில்பட்டி